கருத்தனும் செய்வித்தோனும்

ஒரு நூலுக்குப் பெயர் எவ்வாறு அமையும் என்பதை நன்னூலார் தம் பாயிரத்துள் வகுத்துரைக்கின்றார். முதல் நூலால் பெயர் பெறுவதுண்டு. நூலின் அளவால், மிகுதியால், உள்ளுறை பொருளால் பெறுவதுண்டு. காரணம் ஏதுமின்றி இடுகுறியாய் நிற்பதும் உண்டு. இவற்றிடையே இருவர் இடம் பெறுகின்றனர். ஒருவன் கருத்தன், அதாவது நூலை ஆக்கியவன். மற்றவன் செய்வித்தோன், அதாவது பொருளும் இடமும் ஈந்து ஆக்குவித்தவன். தொல்காப்பியம் கருத்தனால் பெயர் பெற்றது. சாதவாகனமும் இளந்திரையமும் செய்வித்தோனால் பெயர் பெற்றவை என உரையாசிரியர்கள் சான்று காட்டுவர். இவ்விரு வகையையும் நாம் ஆண்டுதோறும் வகுப்பறையில் சொல்லி வருகின்றோம். மாணவரும் தேர்வுக்கென எழுதிவிட்டு மறந்து போகின்றனர்.

ஒருநாள் இப்பாடம் முடிந்த வேளையில் எம் துறை மாணவர் ஒருவர் எழுந்து, “சார், நூலைச் செய்தவர் ஒருவர், பெயரை விலைக்கு வாங்கியவர் இன்னொருவர் என்றால் நூல் யாருக்குச் சொந்தம்?” என வினவினார். எந்த நூலைக் குறித்துக் கேட்கின்றீர் என்றோம். அவர் சற்றே கூச்சத்துடன், “நூல் இல்லை சார், ஒரு கணினி விளையாட்டு” என்றார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆயின் அன்று மாலை ஆசிரியர் அறையில் அமர்ந்து அவர் சொன்ன செய்தியை முழுமையாகக் கேட்டபின், சிரித்ததற்காக நாணினோம். நன்னூலார் இரு சொற்களில் குறித்துச் சென்ற வேறுபாட்டைப் பற்றி அமெரிக்க நாட்டில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்காலம் வழக்கு நடந்திருக்கின்றது. அவ்விளையாட்டின் இரசிகர்கள் இரு அணிகளாய்ப் பிரிந்து, இலக்கண ஆசிரியரும் வியக்கும் நுட்பத்தோடு வாதிட்டிருக்கின்றனர்.

துறையின் மலரில் விளையாட்டைப் பற்றி எழுதுவதா எனப் பெரியோர் சிலர் கருதக்கூடும். விளையாட்டின் நன்மை தீமைகளை நாம் இங்கு ஆராயப் புகவில்லை. பொழுதைக் கொன்று கண்ணைக் கெடுக்கும் விளையாட்டுகள் மிகப்பல என்பதில் எமக்கு ஐயமில்லை. உழைப்பால் விளைந்த ஒன்றில் எவருக்கு எவ்வளவு உரிமை என்னும் வினாவே நாம் எடுத்துக்கொண்ட பொருள். அவ்வினா நம் வீட்டுக் கடைப் பலகையிலும், நம் பெரியோர் விட்டுச் சென்ற கையெழுத்துப் படிகளிலும், நாளை நம் மாணவர் எழுதப்போகும் நிரலிலும் வந்து நிற்கக் கூடியதே.

விளையாட்டின் பெயர் ‘ஸ்டார் கண்ட்ரோல்’. பால் ரீச், ஃபிரெட் ஃபோர்டு என்னும் இரு நண்பர்கள் கலிபோர்னியாவில் ‘டாய்ஸ் ஃபார் பாப்’ என்னும் சிறு நிறுவனத்தின் வாயிலாக இதனை ஆக்கினர். முதற் பகுதி 1990இலும் இரண்டாம் பகுதி 1992இலும் வெளிவந்தன. வெளியிட்டது அக்கோலேட் என்னும் நிறுவனம். இரண்டாம் பகுதியே இன்றளவும் போற்றப்படுவது. பெயரளவில் அது விண்கலப் போர் விளையாட்டு. மாணவர் விரித்துரைக்கக் கேட்டபோதோ அது ஒரு கதைக் காப்பியமாகவே எமக்குத் தோன்றிற்று. தொலைதூரக் குடியேற்றத்திலிருந்து தாய்மண் தேடி வரும் தலைவன், பூவுலகம் பகைவரிடம் தோற்றுச் செந்நிறத் திரைக்குள் சிறைப்பட்டுக் கிடப்பதைக் காண்கின்றான். அப்பகைவர் ஊர்-குவான் என்னும் இனத்தார். தோற்றவர் முன் அவர்கள் இரண்டே வழிகளை வைப்பர்: எமக்குப் போர்ப் பணி செய்யுங்கள், அன்றேல் உங்கள் உலகத்திலேயே என்றென்றும் அடைபட்டுக் கிடங்கள். தலைவன் விண்மீன் தோறும் சென்று, அஞ்சும் இனத்தையும் வெகுளும் இனத்தையும் பொருள் விளங்காத மொழி பேசும் இனத்தையும் கண்டு பேசி ஒரு கூட்டணி திரட்ட வேண்டும்.

இக்கதையின் உயிர்நிலை வேறோரிடத்தில் உள்ளது. அடிமைப்படுத்தும் அந்த ஊர்-குவான் இனத்தாரும் ஒரு காலத்தில் அடிமைகளே. பிறர் உள்ளத்தை ஆட்டிப் படைக்கும் வேறோர் இனத்தின் பிடியில் நெடுங்காலம் கிடந்து, தம் உடலைத் தாமே தாங்கொணா வேதனைக்கு உள்ளாக்கி, அவ்வேதனையின் வலிமையால் விடுதலை பெற்றவர்கள். இனி எவருக்கும் அடிமையாகோம் என்று சூளுரைத்தவர்கள், அச்சூளுரையின் பொருள் பற்றியே இரு பிளவாகி விட்டனர். பிற உயிர்களை எல்லாம் அடக்கி வைத்தால் போதும் என்பது ஒரு பிரிவு. அடியோடு அழித்தாலன்றி அச்சம் நீங்காது என்பது மறு பிரிவு. துன்புற்றவன் துன்புறுத்துவோனாக மாறும் இந்த முரணை இளைஞர் விளையாட்டினுள் வைத்தவர்களை வெறும் பொம்மை செய்வோர் எனத் தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை.

இனி உரிமையின் வரலாற்றைக் காண்போம். 1988இல் ரீச் அக்கோலேட் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். படைப்புரிமை படைத்தவரிடம் தங்கிற்று. ‘ஸ்டார் கண்ட்ரோல்’ என்னும் வணிகப் பெயர் வெளியீட்டாளரிடம் சென்றது. வெளியிடும் உரிமை உரிமைத் தொகை வந்துகொண்டிருக்கும் வரை நீடிக்கும் என்றவாறு நிபந்தனைகளும் இருந்தன. 1996இல் மூன்றாம் பகுதி வெளிவந்தது. அதனை ஆக்கியவர்கள் வேறொரு குழுவினர். மூல ஆசிரியர் இருவரும் தம் பாத்திரங்களைப் பயன்படுத்த இசைவு மட்டுமே அளித்தனர். உடல் உண்டு, உயிர் இல்லை என்பதே அதனைப் பற்றிய இரசிகர் பலரின் தீர்ப்பு. வழக்கில் எவரும் இதனைச் சான்றாகக் காட்டினரோ இல்லையோ, பெயரை மட்டும் கைக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு 1996ஆம் ஆண்டே விடை சொல்லிவிட்டது என்பது எம் கருத்து. 1999இல் அக்கோலேட்டை இன்ஃபோகிராம்ஸ் விழுங்கிற்று. இன்ஃபோகிராம்ஸ் பின்னர் அட்டாரி என்னும் பழம்பெயரைச் சூடிக்கொண்டது. ஒப்பந்தம் 2001ஆம் ஆண்டளவிலேயே காலாவதியாகி விட்டது என்பது ரீச்-ஃபோர்டு இருவரின் வாதம்.

2002இல் நிகழ்ந்த ஒன்றைச் சற்று நிறுத்திச் சொல்ல விழைகின்றோம். பழைய கணினிகள் வழக்கொழிந்து, விளையாட்டே மறைந்து போகும் நிலையில், ஆசிரியர் இருவரும் தம்மிடமிருந்த ஒரு வடிவத்தின் மூல நிரலை இரசிகர்களிடம் ஒப்படைத்தனர். நிரல் எவரும் எடுத்தாளத்தக்க பொது உரிமத்தின் கீழும், கதையும் ஓவியமும் இசையும் வணிகம் செய்யாமல் பயன்படுத்துவோர்க்கு என்ற கட்டுப்பாட்டோடும் தரப்பட்டன. தன்னார்வலர் பல்லாண்டு உழைத்து அதனைப் புதிய கணினிகளில் இயங்கச் செய்தனர். கூலி எதுவும் பெற்றாரில்லை. ஆனால் ‘ஸ்டார் கண்ட்ரோல்’ என்னும் பெயரைச் சூட்ட அவர்களுக்கு உரிமையில்லை. ஆதலின் ‘தி ஊர்-குவான் மாஸ்டர்ஸ்’ எனப் பெயரிட்டனர். பிள்ளை வீட்டில் வளர்கின்றது, பெயர் மட்டும் அயலார் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கின்றது.

நம் சமுதாயத்தார்க்கு இந்நிலை எளிதில் விளங்கும். நம் முன்னோர் நிலத்தையும் கிணற்றையும் தோப்பையும் வக்ஃபு செய்தனர். செய்தபின் அப்பொருள் அவர் மக்களுக்கும் சொந்தமில்லை. பயன் மட்டும் ஊருக்கு. பொது உரிமத்தின் கீழ் விடப்பட்ட நிரல் சட்டப்படி வக்ஃபு அன்று. எனினும் அதன் பயனை ஊர் நுகர்வதையும், தந்தவர் மீண்டும் தம் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ள இயலாமையையும் காணும்போது எமக்கு அந்த ஒப்புமையே தோன்றுகின்றது.

2013இல் அட்டாரியின் அமெரிக்க நிறுவனம் நொடிப்பு நிலைக்கு வந்தது. அதன் உடைமைகள் ஏலத்தில் விடப்பட்டன. அவ்வேலத்தில் ‘ஸ்டார் கண்ட்ரோல்’ தொடர்பான உடைமைகளை ஏறத்தாழ 3 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தது மிச்சிகன் மாநிலத்து ஸ்டார்டாக் நிறுவனம். அதன் தலைவர் பிராட் வார்டெல் தாமும் அவ்விளையாட்டின் பழைய இரசிகர். வாங்கிய பின், வாங்கிய விலைக்கே ஆசிரியர்களுக்குத் தந்து விடுவதாகவும், உடனிருந்து புதிய பகுதி ஆக்கித் தருமாறும் அவர் அவர்களிடம் கேட்டதுண்டு. அவர்கள் அப்போது ஆக்டிவிஷன் என்னும் பெருநிறுவனத்தின் கீழ் வேறு பணியில் இருந்தனர், இரண்டையும் ஏற்கவில்லை. பொல்லாதவர் ஒருவர் நல்லவர் இருவரை வதைத்தார் என்று இக்கதையைச் சொல்லிச் செல்வோர்க்கு இச்செய்தி இடையூறு. ஆயினும் அது உண்மை, மறைப்பது நேர்மையாகாது.

ஸ்டார்டாக் 2016இல் ‘ஸ்டார் கண்ட்ரோல்: ஆரிஜின்ஸ்’ என்னும் புதிய விளையாட்டை அறிவித்தது. 2017 அக்டோபரில், இரண்டாம் பகுதி வெளிவந்த 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி, ரீச்சும் ஃபோர்டும் அதன் நேர்த் தொடர்ச்சியைத் தாம் ஆக்கப்போவதாக அறிவித்தனர். அதற்கு ‘கோஸ்ட்ஸ் ஆஃப் த பிரிகர்சர்ஸ்’ எனப் பெயரிட்டனர். அறிவிப்பில் பழைய பெயரையும் படத்தையும் சுட்டியிருந்தனர். இங்கேதான் பொறி பறந்தது. அவ்வாண்டு திசம்பரில் ஸ்டார்டாக் கலிபோர்னியா வடக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வணிகக் குறி மீறல் வழக்குத் தொடுத்தது. 2018 பிப்ரவரியில் ஆசிரியர் இருவரும் படைப்புரிமை மீறல் என எதிர்வழக்கிட்டனர்.

இரசிகர் வாதங்களை மாணவர் எமக்குத் தொகுத்துச் சொன்னார். ஒரு சாரார், ஆக்கியவர் இருக்க வாங்கியவர்க்கு என்ன உரிமை, விலை கொடுத்தால் கம்பன் ஆகிவிட முடியுமா என்னும் பொருள்பட முழங்கினர். கம்பன் என்பது எம் சேர்க்கை. அவர்கள் தம் நாட்டுப் பெயர்களைச் சொல்லியிருப்பர். மறு சாரார், 20 ஆண்டுகளுக்கு மேல் ஏறெடுத்தும் பாராத நிலத்தில் ஒருவன் பணம் கட்டி ஏர் பூட்டிய பிறகு, வரப்பில் வந்து நின்று இது என் நிலம் என்பது முறையா என்று வினவினர். வேறு சிலர் ஒப்பந்தச் சொற்களை எடுத்து வைத்துக்கொண்டு, உரிமைத் தொகை எந்த ஆண்டு நின்றது, நின்றதால் எது முடிந்தது, எது முடியவில்லை என வரிவரியாய்ப் பிரித்துரைத்தனர். உரையாசிரியர் மரபில் வந்த நமக்கு இந்த மூன்றாம் சாராரே பிடித்திருக்கின்றது. யார் நல்லவர் என்னும் வினாவை விடுத்து எது எழுதப்பட்டது என்று கேட்டவர்கள் இவர்களே.

எம் கருத்தை மறைக்காமல் சொல்வோம். பெயர் வாங்கியவருக்கே சொந்தம். ‘ஸ்டார் கண்ட்ரோல்’ என்னும் சொல்லைச் சந்தையில் நிறுத்தியது வெளியீட்டாளர் செலவிட்ட பொருளும் மேற்கொண்ட இடரும் ஆகும். அப்பெயர் தாங்கிய விளையாட்டின் பொருட்டும் அக்கோலேட் நீதிமன்றப் படியேறியதுண்டு. சேகா நிறுவனத்தின் விளையாட்டுக் கருவியில் இயங்குமாறு, அந்நிறுவனத்தின் இசைவின்றிச் சில விளையாட்டுகளை அக்கோலேட் வெளியிட்டது. ‘ஸ்டார் கண்ட்ரோல்’ அவற்றுள் ஒன்று. சேகா தொடுத்த வழக்கில் 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கோலேட் பக்கம் நின்றது. கருவியின் இயக்கத்தைப் பிரித்தறிந்து அதற்கேற்ப நிரல் ஆக்குதல் முறையான பயன்பாடே என்றது. அத்தீர்ப்பைக் கணினித் துறையார் இன்றும் எடுத்துக்காட்டுவர். செய்வித்தோன் என்றால் பணப்பை மட்டும் என எண்ணுவோர் இதனை நினைவில் கொள்க. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடினார் என்றால் சீதக்காதியையும் அபுல்காசிமையும் விட்டுவிட்டு நாம் பேசுவதில்லையே.

பெயர் சொந்தம் என்பதனால் கதையும் சொந்தமாகி விடாது. ஊர்-குவான் இனத்தாரின் அடிமை வாழ்வும் விடுதலையும், அஞ்சி நடுங்கும் ஸ்பாத்தி இனத்தாரின் பேச்சும் கருத்தனுக்கு உரியவை. ஸ்டார்டாக் இங்கேதான் எல்லை கடந்தது என்பது எம் துணிபு. வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அது விளையாட்டில் வரும் இனங்களின் பெயர்களையும், இரசிகர்கள் தம் இலவச ஆக்கத்திற்குச் சூட்டிய ‘ஊர்-குவான் மாஸ்டர்ஸ்’ என்னும் பெயரையும் தன் வணிகக் குறிகளாகப் பதிந்துகொள்ள விண்ணப்பித்தது. வாங்கிய வீட்டிற்குள் குடியிருப்பதோடு நில்லாமல், அவ்வீட்டிலிருந்து வெளியேறிய பிள்ளைகளின் பெயர்களையும் பத்திரத்தில் எழுதிக்கொள்ளப் புகுந்தது போன்றது இது. கூலியின்றி உழைத்த தன்னார்வலர் கலங்கியதில் வியப்பில்லை. மேலும் ரீச்சும் ஃபோர்டும் உண்மையிலேயே படைப்பாளிகள்தாமா என்ற ஐயத்தையும் அந்நிறுவனம் எழுப்பிற்று. ஓவியம் தீட்டியவர் வேறு, உரையாடல் எழுதத் துணை நின்றவர் வேறு, இசையமைத்தவர் வேறு என்பது அதன் வாதம்.

அவ்வாதத்தை முற்றாகத் தள்ளவும் இயலாது என்பதே இவ்வழக்கின் சுவை. இரண்டாம் பகுதியின் இசையில் ஒரு பங்கு, கணினி வலையமைப்பில் அறிவித்த போட்டியின் வழி வந்தது. பின்லாந்து நாட்டு இளைஞர் ரீக்கூ நூத்தயார்வி போன்றோர் அதில் கலந்துகொண்டு பெயர் பெற்றனர். எரல் ஓட்டஸ், ஜார்ஜ் பார் போன்ற ஓவியர்களின் கைவண்ணமும் அதில் உண்டு. காப்பியம் ஒருவர் பாடுவது. விளையாட்டு பலர் கூடிக் கட்டுவது. கோயில் கட்டிய தச்சன் யார், பள்ளிவாசல் தூணில் பூவேலை செய்தவன் யார் என்று கேட்டால் எத்தனை பெயர் சொல்வது? எனினும் கட்டடத்தின் வரைவை உள்ளத்தில் கண்டவனுக்கு ஓர் உரிமை உண்டு. பலர் உழைத்தனர் என்பது பிறருக்கும் பங்கு தருவதற்குக் காரணமாகலாம். உழைப்பில் பங்கே கொள்ளாத மூன்றாமவன் எடுத்துக்கொள்வதற்குக் காரணமாகாது.

மறுபுறம் ஆசிரியர் இருவரும் பிழையற்றவர் என்றும் நாம் சொல்ல மாட்டோம். 2018 செப்டம்பரில் ‘ஆரிஜின்ஸ்’ வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில், அமெரிக்க மின்னணுப் படைப்புரிமைச் சட்டத்தின்படி அவர்கள் விடுத்த அறிவிப்பால் ஸ்டீம், ஜி.ஓ.ஜி. என்னும் விற்பனையகங்கள் அதனை விற்பனையினின்றும் எடுத்தன. சில வாரங்களில் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. தம் செயலை விளக்க அவர்கள் இரு விளையாட்டுகளையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை வெளியிட்டனர். விண்வெளியின் செந்நிறப் பின்னணி, விண்மீனை நெருங்கும் முறை, எரிபொருள் குறைதல் முதலியன அதில் இடம் பெற்றன. அதுவரை அவர்கள் பக்கம் நின்ற இரசிகருள்ளும் சிலர் முகம் சுளித்தனர். கருத்துக்கு உரிமை இல்லை, கருத்தை வெளியிட்ட வடிவத்திற்கே உரிமை என்பது அமெரிக்கச் சட்டத்தின் அடிப்படை. எரிபொருள் குறையும் என்பதற்கு ஒருவர் உரிமை கொண்டாடலாம் என்றால் பிரிவாற்றாமையைப் பாடச் சங்கப் புலவருள் ஒருவருக்கு மட்டுமே உரிமை இருந்திருக்கும். பாலைத்திணை ஒரு பாட்டோடு முடிந்திருக்கும். முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என நம் இலக்கணத்தார் வகுத்தது வழி நடத்தலுக்கு இடம் விட்டுத்தான். அட்டவணையின் கூறுகள் பல சேர்ந்து நிற்கும் போக்கில்தான் தம் உரிமை உள்ளது என ஆசிரியர் தரப்பு விடை பகர்ந்தது. அவ்விடையிலும் ஓரளவு நியாயம் உண்டு. அதனை முடிவு செய்யும் இடம் வரை வழக்குச் செல்லவில்லை.

அத்தகைய அறிவிப்புகளைத் தடுக்க வேண்டுமென ஸ்டார்டாக் முன்பே நீதிமன்றத்தை நாடியிருந்தது. 2018 திசம்பர் இறுதியில் நீதிபதி சாண்ட்ரா பிரவுன் ஆம்ஸ்ட்ராங் அவ்வேண்டுகோளை மறுத்தார். உரிமைத் தகராறு இருப்பதை நன்கறிந்தே விளையாட்டை ஆக்கி, வழக்கு நடக்கும்போதே வெளியிட்ட நிறுவனம், அதனால் விளையும் இழப்பைத் தானே வருவித்துக்கொண்டது என்பது அவர் கூறியதன் சாரம். ‘ஆரிஜின்ஸ்’ பிறர் உரிமையை மீறியது என்ற தீர்ப்பு அன்று இது. ஆயினும் பலர் அவ்வாறே படித்துவிட்டு வெற்றி முழக்கமிட்டனர். தீர்ப்பின் சொல்லைத் தன் விருப்பத்திற்கேற்பப் படிப்பது எந்நாட்டிலும் உள்ள நோய் போலும்.

வழக்கின் செலவைப் பற்றி ஒரு சொல். ஆசிரியர் தரப்பு வழக்குச் செலவுக்கென 2018இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முற்பட்டபோது குறித்த இலக்கு 20 லட்சம் டாலர். ஏலத்தில் பெயர் போன விலையைப் போல இது 6 மடங்குக்கும் மேல். பொருளின் மதிப்பைக் காட்டிலும் பொருளைப் பற்றிய சண்டையின் விலை பன்மடங்கு உயர்ந்து நின்றது. பாகப்பிரிவினை வழக்கில் தென்னந்தோப்பை விற்று வக்கீலுக்குக் கட்டிய குடும்பங்களை நாம் நம் ஊர்களிலேயே கண்டதுண்டு.

இவ்வழக்கின் வேர் 1988ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் உள்ளது. அதே 1988ஆம் ஆண்டு திசம்பரில் அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி குவைத்தில் தன் 5ஆம் அமர்வில் கூடி, 43ஆம் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. வணிகப் பெயர், வணிகக் குறி, நூலாக்கம், புதுக்கண்டுபிடிப்பு ஆகியன இக்காலத்தில் பொருள் மதிப்புடைய உரிமைகளாகி விட்டன, ஷரீஅத் அவற்றை ஏற்கின்றது, பிறர் அவற்றை மீறலாகாது என்பது அத்தீர்மானத்தின் கருத்து. கையில் பிடிக்க இயலாத ஒன்றை எங்ஙனம் உடைமை என்பது, கல்வியை எங்ஙனம் விற்பது என மாறுபட்ட உலமாக்களும் உண்டு. அவ்வேறுபாடு மதிக்கத் தக்கதே. எம் கவனத்தை ஈர்ப்பது வேறு. அத்தீர்மானம் பெயரையும் குறியையும் ஒரு புறமும், ஆக்கத்தை ஒரு புறமுமாக இரண்டையும் சொல்கின்றது. ஒன்றை மற்றொன்றுக்குள் கரைத்துவிடவில்லை. கருத்தனுக்கும் செய்வித்தோனுக்கும் தனித்தனியே இடம் தந்த நன்னூலாரும் அவ்வாறே செய்தார்.

எழுத்தில் வைத்தல் என்பதும் நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைக்கும் முறை பற்றியதே என்பதை மதரசாச் சிறுவரும் அறிவர். ரீச்சும் அக்கோலேட்டும் எழுதித்தான் வைத்தனர். ஆயினும் வெளியீட்டாளர் கைமாறினால் என்ன ஆகும், உரிமைத் தொகை ஓராண்டு நின்றால் எந்த உரிமை எவரிடம் திரும்பும், பெயர் ஒருவரிடமும் கதை ஒருவரிடமும் நிற்குமானால் அடுத்த பகுதியை எவர் எப்பெயரில் வெளியிடுவது என்பவை 30 ஆண்டு கழித்து வந்த அயலார் படித்தால் ஐயமற விளங்கும்படி அமையவில்லை. நம்மிடையே கதை எழுதுவோரும், பாடல் இயற்றி ஒலிப்பதிவு செய்து தருவோரும், கூட்டாக நிரல் எழுதி விற்கும் இளைஞரும் இருக்கின்றனர். ‘நமக்குள் என்ன எழுத்து’ என்று முகம் நோகாமல் கைகுலுக்கிப் பிரிவதை இவர்கள் பெருந்தன்மை என எண்ணுகின்றனர். அத்தகைய கைகுலுக்கல் ஒன்றால் தம் பாடல்களின் மீதுள்ள உரிமையை இழந்து நின்ற புலவர் ஒருவரை நாம் அறிவோம். அவர் இறந்தபின் அவர்தம் மக்கள் அப்பாடல்களைத் தொகுத்து அச்சிட முயன்றபோது, இசைவு தர மறுத்துவிட்டனர்.

அமெரிக்க வழக்கு அவ்வளவு கசப்பாக முடியவில்லை. 2019 சூன் திங்களில் இரு தரப்பாரும் தம்முள் பேசி உடன்பாடு கண்டனர். ‘ஸ்டார் கண்ட்ரோல்’ என்னும் பெயரும் தான் புதிதாய் ஆக்கியவையும் ஸ்டார்டாக்கிற்கு. ஊர்-குவான் முதலிய பழைய இனங்களும் அக்கதை உலகமும் ரீச்-ஃபோர்டு இருவருக்கும். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் புகாதிருக்க இசைந்தனர். இதில் எம்மை மகிழ்வித்த செய்தி ஒன்றுண்டு. பேச்சிடையே ரீச்சுக்கும் வார்டெலுக்கும் தேனீ வளர்ப்பில் ஈடுபாடு உண்டென்பது தெரிய வந்ததாம்; உடன்பாட்டில் தேனுக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஒன்றரை ஆண்டு வழக்கறிஞர் கடிதங்கள் செய்ய மாட்டாததைத் தேன் செய்தது எனச் சொன்னால் சற்று மிகையாகும். ஆயினும் முதல் நாளே எதிரெதிரே அமர்ந்து தேனைப் பற்றிப் பேசியிருக்கலாமே என்ற எண்ணம் எழாமல் இல்லை.

உடன்பாட்டைக் கேட்ட இரசிகருள் சிலர் ஏமாற்றமுற்றனர் என மாணவர் சொன்னார். யார் வென்றார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு விடை இல்லாமலே கதை முடிந்துவிட்டது. நட்பை முறித்துக்கொண்டு வாதிட்டவர்கள் இருந்தனர், வசைமொழி பேசியவர்கள் இருந்தனர். வாதியும் பிரதிவாதியும் தேன் பரிமாறிக்கொள்ளும்போது அவர்களுக்காகச் சண்டையிட்டவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க இயலாமல் நின்றனர். தேர்தல் முடிந்த மறுநாள் ஊர்த் தேநீர்க் கடையில் காணும் காட்சிதான் இது.

ரீச்சும் ஃபோர்டும் பழைய பணியினின்றும் விலகி 2020இல் ‘பிஸ்டல் ஷ்ரிம்ப்’ என்னும் சிறு நிறுவனம் தொடங்கினர். 2024இல் தம் தொடர்ச்சிக் கதைக்கெனப் பொதுமக்களிடம் நிதி திரட்டினர். இரசிகர் ஆர்வத்தோடு தந்தனர். ‘ஸ்டார் கண்ட்ரோல்’ என்னும் பெயரை அதற்கு இட இயலாது. அவர்கள் இட்ட பெயர் ‘ஃப்ரீ ஸ்டார்ஸ்: சில்ட்ரன் ஆஃப் இன்ஃபினிட்டி’. ‘ஃப்ரீ ஸ்டார்ஸ்’ என்பது பழைய கதையில் தலைவன் திரட்டும் கூட்டணியின் பெயரிலிருந்து எடுத்தது. பொருளால் பெற்ற பெயர் என்று நன்னூல் வழி வகைப்படுத்தலாம்.

இக்கட்டுரையை எழுதி முடித்துப் படிக்கக் கொடுத்தபோது அம்மாணவர் ஒரு திருத்தம் சொன்னார். ஸ்பாத்தி இனத்தாரை வெறுமனே அஞ்சி நடுங்குவோர் என்று எழுதியது போதாதாம். அவர்கள் அஞ்சுவதற்குத் தக்க காரணங்கள் கதைக்குள் உண்டாம். காரணங்களை எமக்குச் சொல்லத் தொடங்கினார். மணியடித்துவிட்டது; மறுநாள் வந்து சொல்வதாகக் கூறிச் சென்றிருக்கின்றார்.